கடல்குதிரைக்குக் காவேரித் தண்ணீர்

மண்டபத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஒரே நாளில் போய்ச் சேர முடியுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முடியும், வழியில் தூங்காமல் இருந்தால். நான் 1962ஆம் வருஷம் பங்குனி மாதம் போனபோது தூங்கிவிட்டேன். அதனால் எனக்குத் தெரிந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. ஊர்களும் தூரமும் இன்றும் அப்படியே இருப்பதால் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவினால் சரி.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. விலங்கியலில் பட்டம் வாங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் மூன்று பள்ளிக்கூடங்களில் லீவ் வேகன்ஸியில் பாடம் எடுத்திருந்தேன். பிரசவ லீவில் போன டீச்சர் திரும்பி வந்ததும் என்னை அனுப்பிவிடுவார்கள். அப்பா மண்டபம் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன், அந்த வருஷம் ஓய்வு பெற வேண்டியவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இந்த நிலையில்தான் கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை காலியாக இருப்பதாகத் தெரிந்தது. என்னோடு விண்ணப்பித்த இரண்டு பேரும் பி.டி. என்ற ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள். எனக்கு அது கிடையாது. ஆகவே விண்ணப்பத்தில் ஒரு வரி வீம்பாக எழுதிப் போட்டேன்: மாதிரிப் பாடத்துக்கு உயிருள்ள கடல் பிராணியைக் கொண்டுவந்து காட்டுவேன் என்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது. கீழே தலைமை ஆசிரியை தன் கையெழுத்தில், 'பிராணியை எதிர்பார்க்கிறோம்' என்று சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியை நம்பித்தான் கிளம்பினேன்.

கரைவலைக்காரர்களிடம் சொல்லி வைத்ததில் இரண்டு கடல்குதிரைகள் கிடைத்தன. இரண்டும் ஆண், இரண்டுக்கும் வயிற்றுப் பை நிறைந்து தொங்கியது. பெண் முட்டையை ஆணின் பைக்குள் விட்டுவிட்டுப் போய்விடும், சுமப்பதும் பெறுவதும் அப்பன்தான். பெற்றபின் அதற்குத் தன் குட்டி எது என்று தெரியாது. நூறு இருநூறு பிறக்கும், ஒன்றிரண்டு வளர்ந்தால் அதிசயம். இந்தப் பிராணிக்கு இரைப்பையே இல்லை என்பதால் சாப்பிட்டது எதுவும் தங்காது, நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு பெண்கள் வகுப்பில் சொன்னால் எவளும் தூங்கமாட்டாள் என்பது என் கணக்கு.

பித்தளைப் பாத்திரம் கடல் மீனுக்கு விஷம். அதனால் வாயகன்ற மண்பானை ஒன்று வாங்கி, கடல் தண்ணீர் நாலு படி ஊற்றி, வாலால் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் கடற்புல்லும் போட்டேன். வாயைத் துணியால் வேடுகட்டினேன். கையில் கிடைத்தது ஒரு பழைய மஞ்சள் புடவைக் கிழிசல். அந்த மஞ்சள் நிறத்தைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை இரவு ரயில். மதுரைக்குத் தொண்ணூறு மைல், அங்கிருந்து கொடைக்கானல் ரோடு நிலையத்துக்கு இருபத்தைந்து. அங்கே இறங்கி மலை பஸ் பிடிக்க வேண்டும், ஐம்பது மைல். எனக்கு இராத்திரி முழுக்க வேலை இருந்தது. பானைத் தண்ணீரில் காற்று தீர்ந்துவிடக் கூடாது என்பதால் கால்மணிக்கு ஒருமுறை டம்ளரால் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டே பாடத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல இரத்தம். தாய் ஆக்டோபஸ் முட்டைக்குக் காவல் இருக்கும்போது ஒரு வாய் தின்னாது, குஞ்சு பொரிக்கும் சமயத்தில் செத்துப்போகும். கடல் அட்டையைப் பயமுறுத்தினால் தன் குடலையே வெளியே கக்கிவிட்டு நகர்ந்துபோகும், பிறகு புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும். நட்சத்திர மீன் தன் வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளி, சிப்பிக்குள் விட்டு, அங்கேயே செரித்துத் தின்னும். கரையில் அழகாகக் கிடக்கிறதே என்று சில கூம்புச் சங்குகளைக் கையில் எடுத்தால் ஊசி போட்டுவிடும், அதற்கு மருந்தே கிடையாது. எல்லாவற்றையும் விடக் கொடியது கடைசி விஷயம். கடல் மீன் சதா தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள உப்பு அதன் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், குடிக்காவிட்டால் கடலுக்குள்ளேயே வற்றிப்போகும். அதையே நல்ல தண்ணீரில் போட்டால் தலைகீழ், தண்ணீர் உள்ளே புகுந்து உப்பிச் சாகும்.

மதுரை வந்தபோது கீழ்வானம் வெளுத்திருந்தது. கூட்டம் ஏறியது, பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக. கண்ணைச் சற்று மூடிக்கொள்ளலாம், ஒரு மணி நேரந்தானே என்று நினைத்தேன். பானை மடியில் இருந்தது.

"பழனி! பழனி!" என்ற சத்தத்தில் விழித்தேன். மணி எட்டரை. கொடைக்கானல் ரோட்டைத் தாண்டி ஐம்பது மைல் வந்திருந்தேன். எதிர்சீட்டுக்காரர் எழுந்து எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"ஏங்க, கொடைக்கானல் ரோட்டுல எழுப்பியிருக்கக் கூடாதா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் திடுக்கிட்டார். "சாமி பேசலாங்களா? மௌன விரதம்னுல்ல நெனச்சோம்! மச்சக்காவடிச் சாமி, அசந்து தூங்குது, யாரும் தட்டாதீகன்னு எல்லாத்துட்டயும் சொல்லிக்கிட்டே வந்தேன்."

பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு சிலர் மீனை மண்பானையில் போட்டு, வாய் பேசாமல் சுமந்து வந்து, இங்கே தண்ணீரில் விடுவார்கள். அதுதான் மச்சக்காவடி. உத்திரத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மண்பானை, மஞ்சள் துணி, உள்ளே மீன், வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண். அவர்கள் வேறெதை நினைப்பார்கள்? இரண்டரை மணி நேரம் ஒருவர் காலும் பானையில் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது காவடி இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசலில் டிக்கெட் பரிசோதகர் என் டிக்கெட்டைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், "சாமி காரியம், போங்கம்மா" என்று விட்டுவிட்டார். அதிகப்படிக் கட்டணம் கட்டச் சொன்னால் மலைக்குப் போக பஸ் காசு இருக்காது என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மௌனத்துக்கு வெட்கப்படுகிறேன், அப்போதும் வெட்கமாகத்தான் இருந்தது.

பஸ் நிலையம் திருவிழாவாகக் கிடந்தது. புளியமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாதமெல்லாம் கொப்புளம் வெடித்து மஞ்சள் அப்பியிருந்தது. கொடுமுடியில் ஆளுக்கொரு குடம் காவேரித் தீர்த்தம் மொண்டு, அதைச் சுமந்து நாலு நாள் வெறுங்காலில் நடந்து வந்தவர்கள். அவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க பழனியம்மாள் என்பவர் எனக்கு இடம் விட்டார். பக்கத்துப் பாலசமுத்திரத்தில் விவசாயம். நாற்பது அடி வெட்டியும் கிணற்றில் பாறைதான் வந்ததாம், ஊற்று வரவேண்டும் என்று வேண்டுதல்.

"பொம்பள மச்சக்காவடி எடுத்து நான் பாத்ததில்லீங்க சாமி. என்ன மீனு?" என்று கேட்டார். துணியை விலக்கிக் காட்டினேன். "அய்ய, குதுர மூஞ்சி! வயிறும் புள்ளையுமால்ல இருக்கு, பாவம்."

"அது ஆம்பளைங்க அக்கா. இதுங்கள்ல ஆம்பளதான் பிள்ளை பெறும்."

எல்லோரும் பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், நாலு நாள் நடந்த களைப்பெல்லாம் சிரிப்பாக வந்தது. "எங்க வீட்டு ஆளுக்கு இதுல ஒண்ண ஒரசி ஊத்துங்க சாமி" என்றார் ஒருத்தி. "வெரசா ஊத்துங்க, அஞ்சு பெத்து எனக்கு இடுப்பே போச்சு" என்றார் இன்னொருத்தி. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பஸ் விசாரிக்க வேண்டும், முகம் கழுவ வேண்டும். "அக்கா, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று பானையை வைத்துவிட்டுப் போனேன். செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போகும் பஸ் பத்தரைக்கு என்றார்கள். வத்தலக்குண்டில் மாறினால் மலைக்குப் போய்விடலாம். கால்மணி நேரம் ஆகியிருக்கும், திரும்பி வந்தேன்.

பானை கழுத்துவரை நிறைந்திருந்தது. தண்ணீர் பளிங்காக இருந்தது. கடற்புல் வெளியே கிடந்தது. ஒரு கடல்குதிரை பக்கவாட்டில் சாய்ந்து அடியில் கிடந்தது.

"தண்ணி கவுச்சி அடிச்சுச்சு சாமி, பாதிக்கு மேல இல்ல. பழசக் கொட்டிட்டு நம்ம தீர்த்தத்த ஊத்திட்டேன்," என்றார் பழனியம்மாள். "முருகனுக்குப் போற மீனு, காவேரித் தண்ணியில போவட்டும். எங்கிட்ட இன்னம் பாதி கெடக்கு." அவர் முகம் மலர்ந்திருந்தது. தன் வேண்டுதலில் பாதியை எனக்குக் கொடுத்திருந்தார்.

நான் ஓடினேன். எதிரே மளிகைக்கடை வாசலில் கல் உப்பு மூட்டை திறந்திருந்தது. முந்தானையில் அள்ளிப் போடச் சொல்லிக் காசை வைத்துவிட்டு ஓடி வந்தேன். கடலில் நூறு பங்கு தண்ணீருக்கு மூன்றரைப் பங்கு உப்பு என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பானையில் எத்தனை படி, கையில் எத்தனை பலம் எடை உப்பு என்று கணக்குப் போட மூளை ஓடவில்லை. ஒரு பிடி போட்டுக் கலக்கி நக்கிப் பார்த்தேன். இன்னொரு பிடி. நக்கினேன். மறுபடியும். எங்கள் ஊர்க் கடலின் ருசி எனக்குத் தெரியும், குழந்தையிலிருந்து குடித்து இருமியிருக்கிறேன்.

"சாமி! என்ன பண்றீங்க? தீர்த்தத்துல உப்பா? மீன உப்புக்கண்டம் போடுறீங்களா?" பழனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். உப்புப் பிடித்த கையோடு உண்மையைச் சொன்னேன். இது காவடி இல்லை, கடல் மீன், நல்ல தண்ணீரில் செத்துப்போகும். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறேன், இதைக் காட்டினால்தான் வேலை.

"அப்ப ஸ்டேசன்லருந்து எல்லாரும் சாமி சாமின்னாகளே?"

"நான் இல்லைன்னு சொல்லலை அக்கா."

அவர் என் கையை விட்டார். "நாலு நாளு," என்றார். "ராத்திரியில படுத்தா காலு எரியும். இத மட்டும் தரையில வைக்காம, ஆளுக்கொண்ணா மடியில வச்சுக்கிட்டு ஒறங்கினோம்." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. பானைக்குள் குனிந்து பார்த்து, "அதுக்கென்ன தெரியும். போடுங்க, அதாவது பொழைக்கட்டும்" என்றார். நான் போட்டேன். கடைசியில் பங்குனி வெயிலில் பழனி பஸ் நிலையத்தில் என் நாக்கில் மண்டபம் கடல் இருந்தது. சாய்ந்து கிடந்தது அசையவில்லை. இன்னொன்று மெதுவாக நிமிர்ந்து கடற்புல்லைத் தேடியது, வெளியே கிடந்த புல்லை எடுத்து உள்ளே விட்டேன். பழனியம்மாள் தன் தீர்த்தக் குடத்தை எடுத்து எனக்கு மறுபக்கத்தில், தள்ளி வைத்துக்கொண்டார். பஸ் வந்தபோது பானையைத் தூக்கிக் கொடுத்தது வேறொரு பெண். பழனியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

வத்தலக்குண்டு வரை ஐம்பத்தைந்து மைல், மூன்றேகால் மணி நேரம். மலை பஸ் கண்டக்டர் பானையைப் பார்த்து, "சாமி, ரூட்டு மாறி வந்துட்டீகளா? பழனி அந்தப் பக்கம்" என்றார். "சாமி இல்லைங்க, பள்ளிக்கூடச் சாமான்" என்றேன் உடனே. "பின்ன கீழ வைங்க, சீட்டுல வைக்கக் கூடாது" என்றார். வைத்தேன்.

மலைப்பாதை நாற்பது மைல். வளைவுக்கு வளைவு பானையை முழங்காலால் அணைத்துக்கொண்டு வந்தேன்; பாதி வழியில் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது துணியை விலக்கினேன். அது பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தது. உடம்பு முன்னும் பின்னும் மடங்கி மடங்கி, பையின் வாயிலிருந்து புகை மாதிரி குட்டிகள் வந்தன. அரிசி அளவுகூட இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் முழுக் கடல்குதிரை, மூஞ்சியும் வாலும் உட்பட. நாள் ஆகாத பிரசவம். காலையில் பட்ட பாட்டில் வந்தது என்றுதான் நினைக்கிறேன். நாலாயிரம் அடி உயரத்தில், உப்புப் போட்ட காவேரியில் பிறந்தன. எனக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. திங்கட்கிழமை காட்ட ஏதோ இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கொடைக்கானல் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. அட்டுவம்பட்டியில் என் கல்லூரித் தோழி வீட்டில் தங்கினேன். பானையைக் கம்பளியால் சுற்றி அடுப்பங்கரையில் வைத்துப் படுத்தேன். காலையில் அப்பன் செத்திருந்தது. குட்டிகளில் பாதிக்கு மேல் அடியில் படிந்திருந்தன, மிச்சம் நீந்தின.

பத்து மணிக்கு வகுப்பு. முப்பது பெண்கள், பின்னால் தலைமை ஆசிரியை நோட்டோடு உட்கார்ந்திருந்தார். குட்டிகளைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி மேஜையில் வைத்தேன். மூன்று இதயம், கக்கிய குடல், வெளியே தள்ளிய வயிறு எல்லாம் சொன்னேன். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், ஒருத்தி "அய்யோ மிஸ், போதும்" என்றாள். பாடம் நன்றாகத்தான் போனது. முடித்துவிட்டு, கேள்வி இருக்கிறதா என்றேன். முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். ஆடலூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள், செல்லத்தாய் என்று பெயர். ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"இதுகள எங்க கொண்டுபோய் விடுவீக, மிஸ்?"

பழனிக்குப் போகிறவர்கள்கூட மீனை விட ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். நான் யோசிக்கவே இல்லை. "எங்கேயும் விட முடியாது" என்றேன். "ஏரியில் விட்டால் உடனே செத்துப்போகும். கடல் நூற்றறுபது மைல் தள்ளி இருக்கிறது, அதுவரை தாங்காது. இன்றைக்குள் எல்லாம் முடிந்துவிடும்."

"அப்ப எதுக்குக் கொண்டாந்தீக?"

விஞ்ஞானம், கல்வி என்று என்னென்னவோ வாயில் வந்தது. ஆனால் முந்தின நாள் முழுக்க நான் பேசாமல் இருந்ததற்கு ஆன விலையைப் பார்த்திருந்தேன், அலுத்தும் போயிருந்தேன். "எனக்கு இந்த வேலை வேணும்" என்றேன். "அதுக்காகத்தான்." தலைமை ஆசிரியை எழுதுவதை நிறுத்தினார். வேலை போயிற்று என்று ஜாடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பகல் பஸ்ஸில் ஏறவில்லை, ஏரிக்கரையில் ஜாடியோடு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மண்டபத்துக்குக் கடிதம் வந்தது. ஜூன் மாதத்திலிருந்து நிரந்தரம். அப்பா அதை நாலு தடவை படிக்கச் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. என்னை ஏன் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயம். பழனியிலிருந்தே இப்போது மலைக்கு நேர் பஸ் உண்டு, நாற்பது மைல்தான், மூன்று மணி நேரம் ஆகும். வளைவு அதிகம், வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். பங்குனி உத்திரத்தை ஒட்டிப் பழனியில் வண்டி மாறுவதாக இருந்தால் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சிலும் மலையில் மாலை ஆனால் கம்பளி வேண்டும். உங்கள் சாமானை நல்லவர்களிடம் விட்டுப் போகும்போது அது இன்னது என்று சொல்லிவிட்டுப் போங்கள். கடல்குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் இன்று சட்டப்படி குற்றம், கடற்கரையில் காய்ந்ததை யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். பாலசமுத்திரத்துக்கு நான் பிறகு இரண்டு முறை போய் விசாரித்தேன். அந்த ஊரில் பழனியம்மாள்கள் நிறைய, என்னுடையவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் மாதம் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது செல்லத்தாய் அதே முன் பெஞ்சில் இருந்தாள். எல்லோரும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தபின் அவள் மட்டும் நின்றாள்.

"கடைசிக் குட்டி எப்ப செத்துச்சு, மிஸ்?"

"அன்றைக்குச் சாயங்காலம், ஐந்தே காலுக்கு" என்றேன்.

அவள் உட்கார்ந்து, புது நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, அதை எழுதிக்கொண்டாள்.